பன்னிரண்டு பெயர்கள்

நடுவில் இருப்பது ஒரு மண்மேடு மட்டும்.
நாற்பத்திரண்டு அடி வைத்தால் கடந்துவிடலாம்;
ஆடு ஓட்டும் பையன் எண்ணுவதில்லை, உருண்டே போகிறான்.
இந்தப் பக்கம் ருகோமே, அந்தப் பக்கம் கியான்சிமா.
எரிமலை தும்மியபோது விழுந்த இரண்டு பள்ளங்கள்.
ருவென்சோரி மலையிலிருந்து வரும் மழை
இரண்டுக்கும் ஒரே மழைதான்.

கபோனேசா குடைந்த மரத்தோணியில் மண்டியிட்டு
கயிற்றில் கட்டிய குப்பியை இறக்குகிறாள்.
ஐந்து மீட்டர். பத்து. இருபது.
கியான்சிமாவின் இருபதாவது மீட்டர்
அழுகிய முட்டை நாற்றத்தோடு மேலே வருகிறது.
துடுப்பை மடியில் கிடத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு
இசிங்கோமா கேட்கிறான்:
"கீழே யார் சமைக்கிறது, அட்யேரி?"
"காற்றில்லாமல் குடும்பம் நடத்துகிறவர்கள், அராலி."

டோரோ நாட்டில் ஒருவரை வெறும் பெயரால் கூப்பிடுவது
கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவது போல.
எம்பாக்கோ என்று செல்லப்பெயர் பன்னிரண்டு உண்டு.
அதில் ஒன்று அரசனுக்கு.
மிச்சத்தைத்தான் மற்ற எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.
சந்தையில் "அராலி" என்றால்
முப்பது தலை திரும்பும்.

இரவு, பூட்டிய பள்ளியின் நான்காம் வகுப்பு.
கரும்பலகையில் அழியாத பெருக்கல் வாய்ப்பாடு.
கைப்பம்பை அழுத்தி அழுத்தி
தண்ணீரை வடிதாள் வழியே இழுக்கிறாள்.
ருகோமே காட்டுக்குள் கிடக்கிற ஏரி;
இலை ஊறிய தண்ணீர்
தாளில் ஆறிப்போன தேநீரின் கறையை விடுகிறது.
கியான்சிமாவைச் சுற்றி வாழை, மாடு, துணி துவைக்கும் கல்;
கால் லிட்டரில் அடைத்துக்கொள்கிறது, பச்சைப் பசை.
அடித்தண்ணீர் வடித்த தாள் மட்டும்
இளஞ்சிவப்பு,
வெயிலுக்குப் பயந்த உதட்டின் நிறம்.

போன முறை வந்த பட்டியல் அவள் பையில் கசங்கிக் கிடக்கிறது.
இரண்டு ஏரியிலும் அநேகமாக அதே இனங்கள்.
ஆனால் இங்கே நூற்றுக்கு முப்பதாய் நிறைந்தது
அங்கே லட்சத்தில் ஒன்றாய்
சுவரோரம் ஒண்டியிருக்கிறது.
அங்கே விருந்து நடத்துவது
இங்கே யார் வீட்டுத் திண்டாட்டத்திலோ கூலி.

இசிங்கோமாவுக்கு இது செல்லவில்லை.
ஒன்பது வருடமாக அவன்தான்
ருகோமேயில் மொண்ட மஞ்சள் கேனை
மேடேறிக் கொண்டுபோய்
கியான்சிமாக் கரைத் தோட்டத்தில் கவிழ்க்கிறான்.
மிச்சத்தை ஏரியிலேயே அலசிக் கொட்டுகிறான்.
அவன் மாடுகள் காலையில் இதில் குளம்பு நனைத்து
மாலையில் அதில் நிற்கும்.
வாத்து வேறு.
"நானே எத்தனை பேரை அக்கரைக்குக் குடியேற்றியிருப்பேன்!
கலந்துபோயிருக்க வேண்டாமா?"

அவள் பம்பை நிறுத்துகிறாள்.
"வந்து சேர்கிறார்கள், அராலி.
எல்லாருக்கும் சோறு கிடைப்பதில்லை."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கம்பாலாவில் இரண்டு வருடம் செங்கல் சுமந்தவன் அவன்.
விளக்கில் ஒரு பூச்சி முட்டுகிறது.

பிறகு பட்டியலை வாங்கி
வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து, நேராக்கி,
வெற்றுக்கோடு போட்ட வரிகளில் விரல் வைக்கிறான்.
"இவர்கள்?"
"பெயர் இல்லாதவர்கள். இதுவரை யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை.
கியான்சிமாவில் பாதிப்பேர் அப்படித்தான்."
"பாதியா?"
"பாதி."
"அப்படியானால் எம்பாக்கோ கொடுத்துவிடேன்."
"பன்னிரண்டுதானே இருக்கிறது!"
"எங்களுக்குப் போதுகிறதே," என்கிறான்,
சிரிக்காமல்.

விடியலில் போடா மோட்டார் சைக்கிள் வருகிறது.
ஐஸ் பெட்டியை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார்கள்.
ஃபோர்ட் போர்ட்டலில் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.
பெட்டியின் மூலையில் ஓர் ஓட்டை;
மோட்டார் சைக்கிள் திரும்பும் வளைவுவரை
செம்மண்ணில் சொட்டுச் சொட்டாக ஈரம்.
ஐஸ் உருகியதா, ஏரியா,
எந்த ஏரி என்று
ஒரு கோழி கொத்திப் பார்க்கிறது.

கபோனேசா உள்ளே போய்
பென்சிலை நாக்கில் தொட்டு
நோட்டுப் புத்தகத்தில் கியா-20 என்று எழுதுகிறாள்.
பக்கத்தில், மேலதிகாரி பார்த்தால் அடித்துவிடக்கூடிய
சின்ன எழுத்தில்:
அப்வோலி.